ஆச்சி வீட்டு டீவியும் புரெவி வந்த இரவும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

இன்று காலை போனைத் திறந்ததும் பேஸ்புக் எனது பழைய பதிவொன்றைத் தூக்கிக் காட்டியது. 2020 டிசம்பர் 2. ஒரே வரிதான். "திரியாயில் இருக்கிறேன், கரண்ட் இல்லை, துஆச் செய்யுங்கள்." அதற்குக் கீழே கிண்ணியா ஆட்கள் வரிசையாக ஆமீன் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் "திரியாய் எங்கே இருக்கிறது டீச்சர்?" என்று கேட்டிருந்தார். அவருக்கு அன்று பதில் போடவில்லை. போனில் சார்ஜ் முடிந்துவிட்டது. மூன்று வருசம் கழித்து அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

திருகோணமலை டவுனில் இருந்து புல்மோட்டை ரோட்டில் வடக்கே போனால் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. அதையும் தாண்டிப் போக திரியாய். டவுனில் இருந்து 40 கிலோமீற்றருக்கு மேல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் காடும். மலையில் பழைய விகாரை இருக்கிறது. அங்கே பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு. போயா நாட்களில் டீவியில் எங்கள் ஊர்ப் பெயர் கேட்டால் அது அந்த விகாரையால்தான். ஊருக்குள் இருக்கிற சனத்தைப் பற்றி டீவி பேசி நான் கேட்டதில்லை. அந்த இரவு வரைக்கும்.

நான் கிண்ணியாக்காரி. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, இரண்டு மூன்று இடம் மாறி, 2019 நடுப்பகுதியில் திரியாய்ப் பக்கம் வந்தேன். அது எந்த வருசம் என்று உங்களுக்குத் தெரியும். உயிர்த்த ஞாயிறு குண்டு வெடித்து இரண்டு மாதமும் ஆகவில்லை. அபாயா போட்ட ஒருத்திக்கு வாடகை அறை கேட்டு நாலு வீட்டுப் படி ஏறினேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. "மகன் வாறான்", "அறை ஒழுகுது", "பிறகு சொல்லுறம்". அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அந்த நேரம் எல்லோரும் எல்லோருக்கும் பயந்தோம். ஐந்தாவது வீடு ஆச்சி வீடு. என்னை மேலிருந்து கீழ் பார்த்துவிட்டு அவ கேட்ட கேள்வி இதுதான்.

"டீச்சர், நீங்க நாடகம் பாப்பீங்களா?"

பார்ப்பேன் என்றேன். "அப்ப வாங்கோ. எனக்குச் சிங்களம் விளங்காது. இவள் பேத்தி சொல்லித் தாறாள் இல்ல."

அப்படித்தான் எனக்கு அறை கிடைத்தது. வாடகையோடு சேர்த்து இரவில் ஒரு மணித்தியாலம் மொழிபெயர்ப்பு வேலை.

ஆச்சியின் டீவி பெட்டி டீவி. கட்டாரில் இருந்த மகன் அனுப்பிய காசில் எடுத்தது. முற்றத்தில் இரும்புக் குழாயில் ஆன்டெனா. இரண்டு சனல்தான் புள்ளி விழாமல் தெரியும், ஒன்று ரூபவாஹினி, மற்றது நேத்ரா. கொக்காவில் கோபுரத்தை 2011 இல் திரும்பத் திறந்த பிறகு இந்தப் பக்கம் படம் தெளிவானது என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்து வீடுகளில் டிஷ் வந்துவிட்டது, சென்னை நாடகங்கள் ஓடும். ஆச்சிக்கு அது பிடிக்காது. "எல்லாம் பட்டுச் சீல கட்டிக்கொண்டு படுக்கிற பொம்பிளையள்" என்பா. ரூபவாஹினி நாடகத்தில் வருகிற மண்வீடும் கிணற்றடியும் மழையும் அவவுக்குத் தெரிந்த உலகம். மொழிதான் தெரியாது. ஒஷின் என்ற ஜப்பான் தொடரை இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் யாரோ வீட்டு யன்னலால் பார்த்தாவாம். "அதுவும் சின்ன வயசில வீட்ட விட்டுப் போன பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டு மேலே பேசமாட்டா.

டீவியோடு எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி வீட்டில்தான் டீவி. கறுப்பு வெள்ளை. கார் பற்றறியில் ஓடுவது. பற்றறியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருவார்கள். பின்னேரம் காட்டூன், பிறகு செய்தி, பிறகு நாடகம், சில நாளில் தமிழ்ப்படம். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்குக் கொண்டுவந்த 'தொஸ்தர ஹொந்த ஹித்த' பார்த்துத்தான் எனக்குச் சிங்களம் நாக்கில் ஏறியது. பாடசாலையில் படித்த சிங்களம் பரீட்சையோடு போய்விட்டது, அந்த டொக்டர் பேசிய சிங்களம் இன்றும் கச்சேரியில் எனக்குக் கைகொடுக்கிறது. பற்றறி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். கடைசியில் நடுவில் ஒரு முத்திரை அளவு தெரியும். அதையும் பார்ப்போம்.

2000 டிசம்பர், நோன்பின் கடைசி நாட்கள். எனக்குப் பதின்மூன்று வயது. 25 ஆம் திகதி இரவு ஒரு படம் போட்டார்கள். மாமி பற்றறி இறங்குகிறது, நாளைக்குச் செய்தி பார்க்க வேண்டும், நிறுத்துவோம் என்றா. நான்தான் அழுதேன். படம் முடியட்டும் மாமி, முடியட்டும் மாமி என்று சீலையைப் பிடித்துக்கொண்டு. மாமி விட்டுவிட்டா. படம் முடிந்தது, பற்றறியும் முடிந்தது. மறுநாள் 26 ஆம் திகதி சூறாவளி திருகோணமலைப் பக்கம் அடித்தது. எச்சரிக்கை சொன்னார்களாம், எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை. மாமி வீட்டு ஓலைக் கூரை முழுசாகப் போனது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மாமி கடைசி வரைக்கும் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருநாளைக்கு அந்தக் கூரையில்லாத வீட்டில் எனக்கு வட்டிலப்பம் தந்தா. இப்போது மாமி இல்லை. வானிலை அறிக்கை ஓடும்போது நான் ரிமோட்டைத் தொடமாட்டேன், யாரையும் தொடவும் விடமாட்டேன். காரணம் அதுதான்.

சரி, புரெவிக்கு வருகிறேன்.

2020 கொரோனா வருசம். பாடசாலைகள் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து, நவம்பர் 23 இல் தரம் ஆறுக்கு மேல் மறுபடி தொடங்கியது. ஒரு கிழமை ஆகவில்லை. தமிழ்நாட்டில் நிவர் புயல் அடித்து ஓய்ந்த கையோடு அடுத்தது வருகிறது என்றார்கள். மாலைதீவு வைத்த பெயர், புரெவி. வடக்கு கிழக்குப் பாடசாலைகளுக்கு லீவு அறிவித்தார்கள். புதன்கிழமை நான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். காலையில் பஸ் வரவில்லை. ரோட்டில் நின்று நனைந்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆச்சி ஒரு துவாயைத் தந்துவிட்டு டீவியைப் போட்டா. அன்று முழுக்க அந்த டீவி நிற்கவில்லை.

பின்னேரம் நேத்ராவில் குருகுலம். கொரோனாவுக்காகப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ரூபவாஹினியில் தொடங்கிய பாட நிகழ்ச்சி, சிங்களத்தில் குரு கெதர. பேத்திக்கு அப்போது தரம் எட்டு. ஆனால் ஓடியது சாதாரண தரக் கணிதம். ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார். வெளியே காற்று தென்னை மரங்களைப் பிடித்து உலுக்குகிறது, இவர் x இன் பெறுமானம் காண்கிறார். நான் ஒரு கண்ணை அவருடைய கையெழுத்தில் வைத்திருந்தேன். நல்ல கையெழுத்து. வேகம்தான் கூட. என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் டீவி இல்லை, இருக்கிறவர்களில் பாதிப்பேர் இந்த வேகத்துக்கு எழுதிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஒன்றும் இல்லாத காலத்தில் அது ஒரு பெரிய உதவி, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஸூமுக்கு எங்கள் பக்கம் சிக்னல் மரத்தில் ஏறினால்தான் வரும்.

பிறகு ரூபவாஹினியில் சிங்களக் காட்டூன். பேத்தி சிரித்தாள். ஆச்சியும் சிரித்தா, ஆனால் அவ சிரித்தது பேத்தி சிரிப்பதைப் பார்த்து. அடுத்தது சமையல் நிகழ்ச்சி. கண்ணாடிக் கோப்பையில் மஞ்சள் அளந்து போட்ட அம்மணியைப் பார்த்து ஆச்சி, "இவ்வளவு கோப்ப கழுவ ஆர் தண்ணி அள்ளித் தாறது?" என்று கேட்டா. இடையிடையே படத்தின் அடியில் எழுத்து ஓடியது. சூறாவளி இன்றிரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடக்கும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். தாழ்நிலத்தில் உள்ளவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.

இலங்கைப் படத்தைக் காட்டினார்கள். வலப்பக்கக் கடலில் இருந்து ஒரு அம்புக்குறி. பேத்தி எழும்பிப்போய்த் திரையில் விரலை வைத்தாள். "இது திருகோணமலை, இது முல்லைத்தீவு. டீச்சர், நடுவில நாங்கதானே?"

புவியியல் பாடத்தில் அவள் சரியாகச் சொன்ன விடைகளில் இந்த ஒன்றுக்குத்தான் எனக்குச் சந்தோசம் வரவில்லை.

கிராம சேவகர் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனமும் போனது. கடற்கரைப் பக்கச் சனம், தகரக் கூரை வீட்டுச் சனம் எல்லாம் பாடசாலைக் கட்டடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். ஆச்சியின் வீடு பாதி கல், மேலே தகரம், மரத்துக்குக் கீழே. மகள் உடுப்புகளையும் காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் ஒரு உரப்பையில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, "அம்மா, வெளிக்கிடுங்கோ" என்றா.

ஆச்சி அசையவில்லை.

"நான் வரல்ல."

"ரெண்டு மணித்தியாலத்தில திரும்பி வந்திடலாம் ஆச்சி, காத்து ஓய்ஞ்ச உடனே" என்றேன் நான்.

அவ டீவியைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "எண்பத்தஞ்சிலயும் அப்பிடித்தான் சொன்னவ. ரெண்டு நாளில வந்திடலாம் எண்டு. பானையில சோறு கிடந்தது. திரும்பி வர பதினெட்டு வருசம்."

எனக்குப் பதில் இல்லை. மகளும் பேசவில்லை. திரியாய்ச் சனம் 1985 இல் ஊரைவிட்டுப் போனது எனக்குத் தெரியும். யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது வீடுகளுக்குள் மரம் முளைத்திருந்ததாகச் சொல்வார்கள். அதையெல்லாம் ஒரு தகவலாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். அந்த உரப்பை அவவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை.

மஃரிபுக்கு நேரமானது. அறையில் தொழுதுவிட்டு வந்தேன். ஆச்சி சாமிப்படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு டீவிச் சத்தத்தைக் குறைத்திருந்தா. நான் தொழுகிற நேரம் எப்போதும் குறைப்பா. நான் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை.

இரவுச் செய்தி தொடங்கியது. முதல் புயல். பிறகு மஹர சிறைச்சாலைக் கலவரம். பிறகு முந்தின நாள் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்ற ஏப்ரல் மாத வர்த்தமானிக்கு எதிரான மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்று வாசித்தார்கள். ஒரு அரை நிமிசம் இருக்கும். வாசித்தவர் குரல் மாறவில்லை, அவருடைய வேலை அது. அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

எனக்கு முகம் சூடாகியது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் காய்ச்சல் வந்தால் முதல் பயம் மரணம் இல்லை, மரணத்துக்குப் பிறகு நடப்பதுதான். உம்மாவுக்கு நீரிழிவு. ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும், "எனக்கு ஒண்டு நடந்தா என்ன எரிக்க விட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் வைப்பா. அன்றும் காலையில் சொன்னா. ஒரு தமிழ் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எரிப்பதே முறையாக உள்ள ஒரு குடும்பத்தின் முன்னால், அதற்காக எப்படிக் கவலைப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழும்பிப் போகலாமா என்று நினைத்தேன்.

ஆச்சி பேத்தியிடம் கேட்டா, "என்னவாம் டீச்சருக்கு?" பேத்தி விளங்கப்படுத்தினாள். பிள்ளை நன்றாகத்தான் சொன்னாள், ஒரு பக்கமும் சாயாமல்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "நாங்க எரிக்கிறம். நீங்க தாக்கிறீங்க. அதது அவையவையின்ட ஆளுக்குச் செய்யிற கடமை. அதில ஏன் மற்றவன் கை வைக்கிறான்?" என்றா. கொஞ்சம் பொறுத்து, "எங்கட ஆளுக்கு ரெண்டும் இல்ல. கொண்டு போனவங்கள். உடம்பு தந்தாத்தானே என்ன செய்யுறது எண்டு யோசிக்கலாம்."

இவ்வளவுதான். அழவில்லை. ரிமோட்டை எடுத்து ரூபவாஹினிக்கு மாற்றினா. நாடகம் தொடங்கிவிட்டது.

(2021 பெப்ரவரியில் அந்த வர்த்தமானியை மாற்றினார்கள். மார்ச்சில் இருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய விட்டார்கள். உம்மா சுகமாக இருக்கிறா. இந்த வரியை எழுதும்போதும் ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்கிறேன்.)

காற்று இப்போது ஒரு மாதிரி ஊளையிடத் தொடங்கியது. ரோட்டில் கடைசி உழவு மெசின் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. ஓட்டியவர் கோர்ன் அடித்தார். மகள் உரப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறா. பேத்தி மழைக்கோட்டு போட்டுவிட்டாள். ஆச்சி கதிரையில்.

"நாடகம் முடியட்டும்" என்றா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பதின்மூன்று வயதில் மாமியிடம் சொன்ன அதே சொல். ஆத்திரமும் வந்தது. "ஆச்சி, கூர போனா ஆர் பொறுப்பு?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அந்த வீட்டில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான். ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப அவள் என்ன சொல்லுறாள்? நீங்க சொல்லித் தராம நிக்கிறீங்க."

நாடகத்தில் ஒரு தாய். பிள்ளைகள் வீட்டை விற்கச் சொல்லி ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறார்கள். பேனையைக் கையில் கொடுக்கிறான் மூத்தவன். நான் நின்றபடியே மொழிபெயர்த்தேன். இந்த வீட்டில்தான் உங்களை எல்லாம் பெற்றேன் என்கிறாள். இளையவள் அழுகிறாள். மூத்தவன், அம்மா வையுங்கள், நேரம் போகிறது என்கிறான். தாய் பேனையை எடுக்கிறாள். வெளியே கோர்ன். ஆச்சி முன்னுக்குச் சாய்ந்து கதிரை விளிம்புக்கு வந்துவிட்டா.

பட்டென்று கரண்ட் போனது.

இருட்டில் ஒரு நிமிசம் ஒருவரும் பேசவில்லை. தகரம் படபடவென்று அடித்தது. பிறகு ஆச்சியின் குரல்.

"சரி, படம் போச்சு. இனி இங்க இருந்து என்ன செய்யுறது. வாங்கோ."

நான் டோர்ச்சைப் பிடிக்க, அவ முதலில் டீவியின் பிளக்கைக் கழற்றினா. பிறகு டீவியை ஒரு ரப்பர் விரிப்பால் சுற்றி, அதற்கு மேல் தன்னுடைய பழைய சீலையால் கட்டினா. வாசல் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை என் கையில் தந்தா. மகளிடம் இல்லை, என்னிடம். ஏன் என்று கேட்க அப்போது நேரமில்லை, பிறகு கேட்க வாய் வரவில்லை.

பாடசாலை மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். முகக்கவசம் போட்டவர்கள், போடாதவர்கள், இருமினால் திரும்பிப் பார்ப்பவர்கள். யாரோ பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினார்கள். பையன்கள் ஒரு மூலையில் போனை வைத்து அம்பாந்தோட்டையில் நடக்கிற எல்.பி.எல் பற்றி வாதாடினார்கள், ஜப்னா ஸ்டாலியன்ஸ் வெல்லுமா வெல்லாதா என்று. (வென்றது.) ஒரு ஐயா பற்றறி ரேடியோ வைத்திருந்தார். அவரைச் சுற்றித்தான் கூட்டம். நான் அந்த ஒற்றை வரியைப் பேஸ்புக்கில் போட்டது அங்கிருந்துதான்.

இரவு பத்தரைக்குப் பிறகு வந்தது. அதை எப்படிச் சொல்வது. பெரிய சத்தம் என்று சொன்னால் போதாது. யன்னல் பலகைகள் உள்ளுக்குத் தள்ளின. பிள்ளைகள் அழவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். பக்கத்தில் ஒரு அம்மா தேவாரம் சொன்னா. ஆச்சி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி, "அவள் கையெழுத்து வைக்க மாட்டாள்" என்றா. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில், அந்தக் காற்றுக்குள், நானும் ஆச்சியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பக்கத்து அம்மா தேவாரத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தா.

காலையில் ரேடியோவில் சொன்னார்கள். புரெவி சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையைக் கடந்தது. பத்தரை மணிக்குப் பிறகு, காற்றின் வேகம் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் என்று பிறகு படித்தேன். ரேடியோ ஐயா சத்தத்தைக் கூட்டினார். மண்டபம் முழுக்க அமைதி. "எங்கட ஊர், எங்கட ஊர்" என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். அடித்துவிட்டுப் போன புயலுக்கு எங்கள் பெயர் முகவரியாகிவிட்டது, அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த மண்டபத்தில் ஒரு நிமிசம் எல்லோரும் நிமிர்ந்து இருந்தோம். அதை மறைக்க மாட்டேன்.

நினைத்த அளவு சேதம் இல்லை. வாழைகள் எல்லாம் படுத்துவிட்டன. சில வீடுகளில் தகரம் போனது. வள்ளங்கள் உடைந்தன என்று கடற்கரைப் பக்கம் சொன்னார்கள். பெரிய வெள்ளம் யாழ்ப்பாணத்துக்குத்தான் போனது. புயல் எங்களைத் தொட்டுவிட்டு மன்னார்க் கடலில் இறங்கிப் பாம்பன் பக்கம் போய் நின்றுவிட்டது. ஆச்சி வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் இல்லை, ஆன்டெனாக் குழாய் வளைந்து வேலிக்கு மேல் கிடந்தது. டீவி சீலைக்குள் நனையாமல் இருந்தது.

நான் சாவியால் கதவைத் திறந்தேன். ஆச்சி உள்ளே போனவ நேரே குசினிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தா. முதல் நாள் சோறு தண்ணீர் விட்டபடி இருந்தது. கையால் அள்ளி ஒரு வாய் சாப்பிட்டா, நின்றபடியே. பிறகு மகளைக் கூப்பிட்டு வெங்காயம் வெட்டச் சொன்னா.

கரண்ட் வர இரண்டு நாளானது, ஆன்டெனாவைச் சரி பண்ண இன்னும் இரண்டு நாள். மூத்தவர்கள் பிடிக்க, பேத்தி வீட்டுக்குள் இருந்து "இப்ப புள்ளி, இப்ப தெரியுது, இல்ல போச்சு" என்று கத்த, நான் குழாயைத் திருப்பினேன். ஆச்சி செய்தியில் ஊர்ப் பெயர் வருமென்று காத்திருந்தா. செய்தி யாழ்ப்பாண வெள்ளத்துக்கும் கொரோனாவுக்கும் போய்விட்டது. கிண்ணியாவில் இருந்து தம்பி ஒரு செய்தித் துண்டை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அதை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். "திரும்பப் போடுங்கோ" என்றா. போட்டேன். ஏழெட்டுத் தரம் கேட்டிருப்பா.

டிஷ் வைத்திருக்கிற வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. சென்னை நாடகத்தில் வெளிச்சம், உடுப்பு எல்லாம் நம்முடையதைவிட நூறு மடங்கு நல்லாக இருக்கும். ஆனால் புயல் எந்தக் கரையில் ஏறும் என்று அந்தச் சனல் நமக்குச் சொல்லாது. அரசாங்க டீவியில் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு, யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர் முகம்தான் ரிப்பன் வெட்டும். 2022 ஜூலையில் ஆர்ப்பாட்டக்காரர்கள் உள்ளே போய் ரூபவாஹினி கொஞ்ச நேரம் நின்றபோது, பக்கத்து வீட்டில் கை தட்டினார்கள். ஆச்சி மட்டும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, "கரண்ட் இருக்கே, பின்ன ஏன் படம் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. அதற்கு முன்பே மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் பழகியவ அவ. கரண்ட் இருந்தும் படம் இல்லாததுதான் அவவுக்குப் புதுசு.

நான் இப்போது கிண்ணியாவுக்கு மாற்றம் எடுத்து வந்துவிட்டேன். மாதம் ஒரு தரம் போன் எடுப்பேன். போன கிழமை எடுத்தபோது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, பேத்தி இடையில் நின்று கத்திச் சொல்கிறாள். அவளுக்கு இந்த வருசம் சாதாரண தரம். கணிதம் பரவாயில்லையாம்.

"டீச்சர், அந்தப் பொம்பிள கையெழுத்து வச்சவளா?" என்று ஆச்சி கேட்டா.

மூன்று வருசமாக ஒவ்வொரு முறையும் கேட்கிறா. அந்த நாடகத்தின் பெயர் எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. யாராவது பார்த்தீர்களா? வீட்டை விற்கச் சொல்லி மூத்த மகன் பேனை கொடுக்கிற நாடகம், புதன்கிழமை இரவு, ரூபவாஹினியில். தெரிந்தால் கீழே சொல்லுங்கள், ஆச்சிக்கு போன் எடுத்துச் சொல்ல வேண்டும்.